சிவனொளிபாதம் ஏறினோம்

பொகவந்தலாவையின் மேட்டுத் தோட்டங்களில் நின்று, வானம் தெளிந்த காலையில் மேற்றிசை நோக்குவோர்க்குக் கூர்நுனிச் சிகரமொன்று கண்ணிற்படும். அதுவே 2,243 மீற்றர் உயர்ந்த சிவனொளிபாதமலை. நாற்பதாண்டுகள் கொழுந்து பறித்தவாறே அதனைத் தொலைவிலிருந்து கும்பிட்டு வந்த எம் பெரியம்மா, "கால் ஓயுமுன் ஒருமுறை ஏறிவிட வேண்டும்" என்றார். மார்கழிப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரை யாத்திரைக் காலம். மாசி மாதத்து இரவொன்றில் குடும்பத்தார் ஐவரும் நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணியை அடைந்தோம்.

இம்மலையேற்றத்தின் வரலாறு நெடியது. 11ஆம் நூற்றாண்டில் முதலாம் விஜயபாகு மன்னன் யாத்திரிகரின் உணவுக்கென ஊர்களை மானியமாக அளித்ததை எம் அயலிலுள்ள அம்பகமுவக் கல்வெட்டுக் கூறுகின்றது. 1344இல் மொரோக்கோ நாட்டு இபுனு பதூதா வந்தபோது, தமிழ் மன்னன் ஆரியச் சக்கரவர்த்தி பல்லக்கும், துணைக்கு நான்கு யோகியரும் மூன்று அந்தணரும் கொடுத்தனுப்பினான். செங்குத்துப் பாறையிலே பத்து இரும்புச் சங்கிலிகள் இருந்தனவென அப்பயணி எழுதி வைத்தார். 1815இல் மால்கம் என்னும் பிரித்தானியப் படையதிகாரி உச்சியை அடைந்தார்.

இன்று சங்கிலிக்குப் பதிலாகப் படிகள் உள்ளன. அவை 5,000க்கும் மேற்பட்டவை. பாதி வழியில் பெரியம்மா அமர்ந்துவிட்டார். முழங்கால் மடங்க மறுத்தது. திரும்பிவிடலாமோ என நாம் கலங்கி நிற்கையில், இறங்கி வந்த சிங்கள இளைஞரொருவர் தம் ஊன்றுகோலை அவர் கையிற் கொடுத்து, வணங்கிச் சென்றார். மொழி புரியவில்லை, கருணை புரிந்தது. பெரியம்மா எழுந்தார்.

உச்சியிலுள்ள பாதச்சுவட்டைச் சைவர் சிவபெருமானுடையது என்பர். பௌத்தர் புத்தருடையது என்பர். இசுலாமியர் ஆதம் நபியினுடையது என்பர். கிறித்தவருட் சிலர் தோமையாருடையது என்பர். உரிமை கோருவோர் பலராயினும் ஏறும் படி ஒன்றே. சுற்றியுள்ள காடு 2010இல் உலக மரபுரிமையாயிற்று. அக்காட்டில் நெகிழிப் போத்தல்களை எறியாதிருத்தலும் வழிபாடே என்பதை மாணவர் மனங்கொள்வாராக.

எத்தனை முறை ஏறினோமோ அத்தனை முறை மணி அடிப்பது வழக்கம். பெரியம்மா ஒரேயொரு முறை அடித்தார். கீழ்வானம் சிவந்தது, மேற்கே மலையின் நிழல் முக்கோணமாய் மேகத்தின்மேல் விழுந்தது. யாவரும் அந்நிழலை வியந்து நிற்க, அவர் மட்டும் கிழக்கே திரும்பி நின்றார்.

"சூரியன் நம் தோட்டத்துப் பக்கமிருந்தல்லவா வருகின்றது! இத்தனை காலம் இது தெரியாமற் போயிற்றே" என்றார்.