வாப்பாவின் எஞ்சினும் எங்கள் பெட்டரியும்



போன வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு வட்டைப் பக்கம் நாங்கள் விமானம் விட்டதை யாரோ ஒரு தம்பி வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறார். அதிலிருந்து ஒரே கேள்விதான். "இது ட்ரோனா?" "எஞ்சின் போட்டா இன்னும் நல்லா இரிக்குமே, ஏன் பெட்டரி?" "பொலிஸ் ஒண்டும் சொல்லாதா?" தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் என்றால் காக்காவும் தம்பியும். ஒருவருக்கு மோட்டார் சைக்கிள் திருத்துகிற கடை, மற்றவர் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். இந்தப் பைத்தியத்தை எங்களுக்குத் தொற்ற வைத்தது வாப்பா. 2011 இல் சவூதியில் இருந்து ஒரேயடியாக ஊருக்கு வந்தபோது, வேலை செய்த வீட்டுப் பொடியன் விளையாடிக் கழித்த ஒரு விமானத்தைப் பெட்டியோடு கொண்டு வந்தார். பல்சா மரத்தில் செய்தது. சிறகு ஒன்றரை மீற்றர். மூக்கில் 6.5 சீசீ டூ ஸ்ட்ரோக் எஞ்சின். உள்ளங்கையில் அடங்கும், சத்தம் மட்டும் ஊரைக் கூட்டும்.

அந்த எஞ்சின் பெற்றோலில் ஓடாது. மெதனோலோடு ஆமணக்கெண்ணெய் கலந்து, வேகத்துக்குக் கொஞ்சம் நைட்ரோமீதேனும் சேர்த்த எரிபொருள் வேண்டும். ஸ்பார்க் பிளக் கிடையாது. அதற்குப் பதில் குளோ பிளக், உள்ளே பிளாட்டினம் கலந்த ஒரு சின்னக் கம்பிச் சுருள். ஸ்டார்ட் பண்ணும்போது 1.5 வோல்ட் கொடுத்து அதைச் சிவக்க வைத்தால் போதும். பிறகு மெதனோல் ஆவி பிளாட்டினத்தில் பட்டுத் தானாகவே சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வயரைக் கழற்றிவிடலாம். இரசாயனவியலில் ஊக்கி என்று படிப்பிக்கிறோமே, அதை நாங்கள் முதன்முதலில் கண்ணால் கண்டது வாப்பாவின் எஞ்சினில்தான்.

எட்டு வருஷம் அதை விட்டோம். பெரும்போக அறுவடை முடிந்ததும் மாசி, பங்குனியில் வட்டை வெறுமையாகக் கிடக்கும். வாப்பா வரம்பில் குந்தியிருந்து பார்ப்பார். ரேடியோவைக் கையில் எடுக்கச் சொன்னால் மாட்டார். "நீங்க விடுங்க, நான் பாத்துக்கிட்டு இரிக்கன்" என்பார்.

பிறகு 2019 ஏப்ரல் 21. ஐந்து நாள் கழித்து சாய்ந்தமருதில் நடந்தது. அந்த இரவின் சத்தத்தை இந்தக் கரையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. வீட்டுக்கு வீடு சோதனை நடந்த நாட்கள் அவை. அரபு எழுத்து இருந்த கிதாபைக்கூட மறைத்தவர்கள், எரித்தவர்கள் எங்களுக்குள் இருந்தார்கள். அந்த வாரமே சிவில் விமான சேவைகள் அதிகாரசபை ட்ரோன்களைப் பறக்க விடுவதை நாடு முழுக்க நிறுத்தியது. எங்கள் வீட்டில் என்ன இருந்தது? அன்டனா நீட்டிய ஒரு ரேடியோ பெட்டி. வயர், சுவிட்ச், பெட்டரி. ஒரு போத்தல் மெதனோல் கலவை. அதிலுள்ள நைட்ரோமீதேன் வெடிபொருள் செய்யவும் பயன்படும் என்று பல நாடுகள் கட்டுப்படுத்தி வைத்திருக்கிற சாமான். விளையாட்டுச் சாமான் என்று எந்த மொழியில், யாருக்கு, எப்படி விளங்கப்படுத்துவது?

உம்மா அழுதா. வாப்பா ஒன்றும் பேசவில்லை. லுஹர் தொழுதுவிட்டு வந்து, சிறகை முழங்காலில் வைத்து முறித்தார். பல்சா மரம் காய்ந்த சுள்ளி மாதிரி முறியும். அடுப்பில் வைத்தோம், பத்து நிமிஷம்கூட எரியவில்லை. எரிபொருளை வளவின் மூலையில் ஊற்றினோம். ரேடியோவை உடைத்தோம். எஞ்சினை வாப்பா சாரத்தில் சுற்றிக்கொண்டு வெளியே போய், வெறுங்கையோடு திரும்பி வந்தார். "ஆத்துல எறிஞ்சிட்டன்" என்றார்.

நாங்கள் ஒரு குற்றமும் செய்யவில்லை. ஆனாலும் குற்றவாளி மாதிரித் தடயம் அழித்தோம். ஆறு வருஷமாக எங்களை அரித்தது விமானம் போனதல்ல, இதுதான்.

வாப்பா 2022 இல் வபாத்தானார். போன வருஷம் கூரைக்கு ஓடு மாற்றும்போது, வளையில் செருகியிருந்த ஒரு சாரத் துண்டு காக்காவின் கையில் கிடைத்தது. தேங்காயெண்ணெய் ஊறிக் கறுத்த துண்டு. உள்ளே எஞ்சின். ஆற்றில் எறியவே இல்லை.

ஆமணக்கெண்ணெய் உள்ளே காய்ந்து வார்னிஷ் மாதிரி இறுகி, புரொப்பெல்லர் தண்டு அசையவே இல்லை. பலவந்தமாகத் திருப்பினால் கனெக்டிங் ரொட் வளையும். காக்கா ஒரு பழைய சட்டியில் ரேடியேற்றர் கூலண்டை ஊற்றி, எஞ்சினைப் போட்டு, காற்றோட்டமான இடத்தில் இலேசான சூட்டில் சில மணித்தியாலம் வைத்தார். (அந்தச் சட்டியை மறுபடி சமையலுக்கு எடுக்கக்கூடாது, கூலண்ட் நஞ்சு.) வெளியே எடுத்தபோது பிசின் இளகி, தண்டு சுற்றியது. பெயாரிங் இரண்டும் உப்புக் காற்றில் துருப்பிடித்திருந்தன, மாற்றினோம். பிஸ்டனும் சிலிண்டரும் புதிது மாதிரி இருந்தன.

அன்று இரவு பேச்சு தொடங்கியது. திரும்ப விடுவதென்றால் எதில் விடுவது? இதிலா, பெட்டரியிலா?

கணக்கு முதலில். ஒரு கிலோ மெதனோலில் உள்ள சக்தி, ஒரு கிலோ லிதியம் பொலிமர் பெட்டரியில் உள்ளதைப் போல கிட்டத்தட்ட முப்பது மடங்கு. சின்ன எஞ்சின் அதில் பெரும்பகுதியைச் சூடாகவும் புகையாகவும் வீணாக்கும், மின் மோட்டரோ முக்கால் பங்குக்கு மேல் வேலையாக மாற்றும். அப்படிக் கழித்தும் எரிபொருள்தான் முன்னுக்கு நிற்கிறது. தாங்கி குறையக் குறைய விமானத்தின் பாரமும் குறையும், பெட்டரி தீர்ந்தாலும் அதே பாரம்தான். ஐந்து நிமிஷத்தில் தாங்கியை நிரப்பி மறுபடி விடலாம்.

இனி மறுபக்கம். எரிபொருள் ஒரு லீற்றர் நான்கு பறப்புக்குத்தான் வரும். பெட்டரி மூன்று செல், 11.1 வோல்ட், 2200 மில்லி அம்பியர் மணி. பெருக்கிப் பாருங்கள், 24 வாட் மணி சொச்சம். வீட்டுக் கரண்ட் ஒரு யூனிட்டில், சார்ஜரில் போகிற இழப்பைக் கழித்தும், முப்பது தடவைக்கு மேல் ஏற்றலாம். எண்ணெய் கக்காது, ஊசி வால்வைத் திருகிக்கொண்டு நிற்கத் தேவையில்லை, பறக்கும்போது எஞ்சின் நின்றுவிடும் என்ற பயம் இல்லை. முக்கியமாகச் சத்தம் இல்லை. வானத்தில் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே போன தலைமுறை இன்னும் எங்கள் ஊரில் உயிரோடு இருக்கிறது.

இவ்வளவும் பேசி, பெட்டரிதான் என்று முடிவெடுக்கப் போகும்போது காக்கா ஒரு கேள்வி கேட்டார். "உண்மையச் சொல்லுவோம். கணக்குப் பாத்தா பெட்டரிய எடுக்கிறம்? இல்ல, மெதனோல் போத்தல் வீட்டுல இரிக்கப்படாது எண்டு பயந்தா?"

பதில் வர நேரமெடுத்தது. பயம்தான் பாதி. பெட்டரி விமானம் சின்னது, சத்தமில்லாதது, யாரும் பார்க்காத மூலையில் விட்டுவிட்டு வந்துவிடலாம் என்ற எண்ணம் எங்கள் இருவருக்குள்ளும் இருந்தது. அதாவது, இந்தத் தடவை வாங்கும்போதே ஒளித்து வைக்க வசதியானதைத் தேடியிருக்கிறோம்.

அதனால் வரிசையை மாற்றினோம். முதலில் அனுமதி, பிறகு விமானம். பள்ளிவாசல் நிர்வாகத்திடம் சொன்னோம். வட்டவிதானையாரிடம் கேட்டோம், அறுவடை முடிந்த வயலில் விடலாம், வரம்பை உடைக்கக்கூடாது என்றார். பொலிஸ் நிலையத்துக்குக் கடிதத்தோடு, விமானத்தின் படமும் அளவும் எடுத்துப் போனோம். போகும்போது வாய் காய்ந்தது, மறைக்க ஒன்றுமில்லை. அங்கிருந்த அதிகாரி கெமரா இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றோம். எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம், எந்த நேரம் என்று கேட்டு எழுதினார். கடைசியில், "மாஸ்டர், பிள்ளைகளுக்கும் காட்டுவீர்களா?" என்றார். இந்தக் கேள்வியை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. சிவில் விமான சேவைகள் அதிகாரசபைக்கும் எழுதிக் கேட்டு, பதில் கைக்கு வந்த பிறகுதான் வேலையைத் தொடங்கினோம்.

கடதாசி எல்லாம் கையில் வந்தபின் மறுபடி கணக்குப் பார்த்தோம். அப்போதும் பெட்டரிதான் வந்தது. ஆறு வருஷம் விட்ட கை, கூட நிற்கப்போவது பிள்ளைகள். மெதனோல் குடித்தால் கண் போகும், உயிரும் போகும். அதன் நெருப்பு பகல் வெயிலில் கண்ணுக்கே தெரியாது. இவை பயமல்ல, காரணங்கள். முடிவு ஒன்றுதான், ஆனால் இப்போது அதை யாருக்கும் நேரே பார்த்துச் சொல்லலாம்.

விமானம் நாங்களே செய்தது. மீன் பெட்டிக்கு எடுக்கிற ரெஜிபோமைச் சூடான கம்பியால் அறுத்துச் சிறகு, மேலே பார்சல் டேப். முழுப்பாரம் 1.2 கிலோ. பழகுகிற விமானத்துக்குக் கிலோவுக்கு 150 முதல் 200 வாட் போதும். எங்களது முழு வேகத்தில் 20 அம்பியர் இழுக்கிறது, அதாவது 220 வாட்டளவு. ஒன்பது பத்து நிமிஷம் பறக்கும்.

முதல் நாள் விழுத்தினோம், அதையும் சொல்ல வேண்டும். விமானம் எங்களை விட்டுத் தூரப் போகும்போது வலது வலதுதான். எங்களை நோக்கித் திரும்பி வரும்போது இடம் வலம் மாறிவிடும். கை அதை மறந்திருந்தது. மூக்கு வயலில் குத்தி உடைந்தது. பல்சா என்றால் ஒரு மாத வேலை, ரெஜிபோம் என்றபடியால் பசை வைத்து அடுத்த நாளே எடுத்தோம். உங்களை நோக்கி வரும்போது எந்தச் சிறகு தாழ்கிறதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளுங்கள், நிமிரும். இதைக் கொம்பியூட்டர் சிமியூலேட்டரில் இரண்டு கிழமை பழகிவிட்டு மறுபடி வந்தோம். இரண்டாவது தடவை விழவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

ஆசைப்படுகிற தம்பிமாருக்குச் சில விஷயங்கள்.

பெட்டரியை விளையாட்டாக எடுக்காதீர்கள். ஒரு செல் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறினால் தீப்பிடிக்கலாம், 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுப்போகும். பாவிக்காமல் வைப்பதென்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டளவில் வையுங்கள். செல்களைச் சமப்படுத்தி ஏற்றும் சார்ஜர் கட்டாயம். 2200 பெட்டரிக்கு 2.2 அம்பியருக்கு மேல் வேண்டாம். மண் சட்டிக்குள் வைத்து, முன்னால் இருந்து ஏற்றுங்கள். சார்ஜில் போட்டுவிட்டு இஷாவுக்குப் போவதோ தூங்குவதோ கூடாது. வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் சீற்றுக்கு அடியில் வைக்காதீர்கள். ஊதிப்போன பெட்டரியை மறுபடி தொடவேண்டாம்.

மோட்டர் எஞ்சினை விடப் பாவம் என்று நினைக்காதீர்கள். எஞ்சினின் புரொப்பெல்லர் விரலில் பட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். மோட்டர் நிற்காது, இன்னும் பலமாகச் சுற்றப் பார்க்கும். வீட்டில் சோதிக்கும்போது புரொப்பெல்லரைக் கழற்றி வையுங்கள்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் சுபஹுக்குப் பிறகு மட்டும் விடுங்கள். ஆளுக்கு மேலால், வீதிக்கு மேலால், கரண்ட் கம்பிக்குப் பக்கத்தில் வேண்டாம். கெமரா பூட்டாதீர்கள், அடுத்தவர் வளவு எங்களுக்கு அமானிதம். எல்லாவற்றுக்கும் முதல் அனுமதி எடுங்கள். சட்டங்கள் மாறிக்கொண்டிருக்கும், எங்கள் பதிவை நம்பாமல் நேரே கேளுங்கள். கேட்கப் போவதற்குத்தான் பயமாக இருக்கும். கேட்டபின் அந்தப் பயம் அரைவாசி போய்விடும்.

வாப்பாவின் எஞ்சினை இன்னும் ஸ்டார்ட் பண்ணவில்லை. நைட்ரோமீதேன் இல்லாமலே, நூற்றுக்கு எண்பது மெதனோல், இருபது ஆமணக்கெண்ணெயில் அது ஓடும். மெதனோலை முறையான வழியில், பற்றுச்சீட்டோடு வாங்க விசாரித்துக்கொண்டிருக்கிறோம். கிடைத்தால் பலகையில் இறுக்கிப் பூட்டி, பகலில், பிள்ளைகளைத் தூரத்தில் நிற்பாட்டி ஒரு தடவை ஓட்டுவோம், இன்ஷா அல்லாஹ். அதுவரை அது வளையில் இல்லை. முன்வாசலுக்குள் வந்தால் நேரே தெரிகிற கண்ணாடி அலுமாரியில், வாப்பாவின் மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் "இதென்ன?" என்று கேட்கிறார்கள். உம்மாதான் பதில் சொல்றா.

வருகிற வெள்ளியும் அஸருக்குப் பிறகு அதே வட்டையில் நிற்போம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். எங்கள் வாப்பாவுக்காக ஒரு துஆவும் செய்யுங்கள்.