ஆகும்பே: நிறத்தை நம்பினால் ஆபத்து

ஜோகிகுண்டிக்குப் போகும் பாதையில் ஓர் ஓடைக்கரை. வழிகாட்டி சட்டென்று கையை நீட்டித் தடுக்கிறார். பின்னால் வந்த பெங்களூர் குழு நிற்கிறது. பாசி படிந்த பாறையைத் தவிர எதுவும் தெரியவில்லை. அரை நிமிடம் கழித்துத்தான் ஒருவர் கண்ணில் படுகிறது: பாசியின் நிறத்திலேயே சுருண்டு கிடக்கும் பாம்பு.

உடனே வாக்குவாதம். "பச்சைப் பாம்புதான், ஒன்றும் செய்யாது" என்கிறார் ஒருவர். "தலை முக்கோணமாக இருக்கிறதே, விஷம்தான்" என்கிறார் இன்னொருவர். செல்போனில் படமெடுத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று மூன்றாமவர் குனிகிறார். வழிகாட்டி அவரது முதுகுப்பையைப் பிடித்துப் பின்னால் இழுக்கிறார்.

கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் சுமார் 650 மீட்டர் உயரத்தில் உள்ள ஆகும்பே, ஆண்டுக்கு 7,000 மி.மீ.க்கும் மேல் மழை கொட்டும் ஊர். ஒரு காலத்தில் இங்கே வந்தவர்கள் சூரிய அஸ்தமனம் பார்க்கவும், 'மால்குடி டேஸ்' தொடர் படமான வீட்டைப் பார்க்கவும் வந்தார்கள். இப்போது பாம்பு பார்க்கவும் வருகிறார்கள். 2005ல் ரோமுலஸ் விட்டேகர் இங்கே மழைக்காடு ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார். ராஜநாகங்களுக்கு ரேடியோ கருவி பொருத்திப் பின்தொடர்ந்த ஆய்வு நடந்தது இங்கேதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் ராஜநாகம் தனி இனம் என்று 2024ல் அறிவிக்கப்பட்டபோது, கன்னட மக்கள் அழைக்கும் 'காளிங்க' என்ற பெயரே அறிவியல் பெயரிலும் ஏறியது.

பாறையில் கிடப்பது ராஜநாகமல்ல, மலபார் குழிவிரியன். இதே இனம் பச்சையாக இருக்கும், பழுப்பாக இருக்கும், மஞ்சளாகவும் ஆரஞ்சாகவும்கூட இருக்கும். எனவே எல்லோரும் முதலில் கேட்கும் "என்ன நிறம்?" என்ற கேள்விதான் அதிகம் ஏமாற்றுகிறது. உண்மையான பச்சைப் பாம்பு கயிறு போல மெலிந்தது; முகம் கூரானது; கண்மணி படுக்கைவாட்டில் இருக்கும். (கண்ணைக் கொத்தும் என்று தமிழ்நாட்டில் அதன் மேல் சுமத்தப்பட்ட பழி வேறு.) குழிவிரியனின் அடையாளம் கண்ணுக்கும் நாசிக்கும் நடுவில் உள்ள குழி. இரையின் உடல்சூட்டை உணரும் உறுப்பு அது.

முக்கோணத் தலை விதியும் தேறாது. விஷத்தால் ஆளைக் கொல்லும் கட்டுவிரியனுக்கும் நாகத்துக்கும் அப்படிப்பட்ட தலை இல்லை. ஆபத்தற்ற பூனைப் பாம்புக்கோ அகன்ற தலை, செங்குத்தான கண்மணி. அதனாலேயே விரியன் என்று அடிபட்டுச் சாகிறது.

குழிக்கு அடையாளம் பார்க்கும் தூரத்துக்குப் போவதுதான் பிரச்னை. இந்தியாவில் தயாராகும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் பொதுவானது. மாமல்லபுரம் அருகே இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் விஷம் அதற்குப் பயன்படுகிறது. ஆனால் ஆகும்பே காட்டின் குழிவிரியன்களுக்கு அது சரியான மருந்தல்ல. மலபார் குழிவிரியன் கடித்து மரணம் அரிது. காய்ந்த இலைக்குள் இலையாகவே கிடக்கும், மூக்கு மேல்நோக்கி வளைந்த இன்னொரு குழிவிரியன் அப்படியல்ல. சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையும் வாங்கியிருக்கிறது. கடித்த பிறகு பாம்பை அடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதில் நேரம்தான் போகும். டாக்டர் பார்ப்பது உடம்பில் தெரியும் அறிகுறிகளை. துண்டிக்கப்பட்ட பாம்புத் தலைகூடக் கடிக்கும்.

அப்படியானால் வழிகாட்டி எப்படி அத்தனை தூரத்திலிருந்து கண்டுகொண்டார்? அவர் பாம்பைத் தேடவே இல்லை. "நாலு நாளா இந்தப் பாறைதான் சார் இதுக்கு வீடு" என்கிறார். இரை வரும்வரை ஒரே இடத்தில் நாட்கணக்கில் காத்திருக்கும் ஜாதி இது. எந்தப் பாறை, எந்தக் கிளை, எந்த இலைக் குவியல் என்பது அவருக்கு மனப்பாடம்.

மாலையில் குழு திரும்பும்போது மழை வலுத்திருக்கிறது. பாறை தெரியும் முன்பே அனைவரும் பாதையின் மறு ஓரத்துக்கு நகர்ந்துவிடுகிறார்கள். அதே சுருள், அதே இடம். தலையில் ஒரு மழைத்துளி நிற்கிறது.