தெளிந்த நீர்

தெளிவு என்ற சொல்லுக்கு நமது மொழியில் இருக்கும் மதிப்பு பெரிது. தெளிந்த அறிவு என்கிறோம், தெளிந்த உள்ளம் என்கிறோம். கலங்கிய நீரைத் தேற்றாவின் விதையால் தெளியவைக்கும் வழக்கத்தைக் கலித்தொகையும் அறிந்திருந்தது. ஆயின் தெளிந்ததெல்லாம் தூயதாகாது என்ற பாடத்தை எனக்குக் கற்பித்தவை கனகராயன்குளத்துக் கிணற்று நீரும், அதனைக் காய்ச்சும் கேத்தலும் ஆகும்.

தேற்றாங்கொட்டை வெல்வது சேற்றை. சேறு நீரில் கரைவதில்லை, துணிக்கைகளாக மிதக்கிறது. கரைந்த பொருளின் கதை வேறு. மண்ணுள் இறங்கும் மழைநீர், அங்கே வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் காபனீரொட்சைட்டை ஏற்று மெல்லமிலமாகிறது. கல்லையும் மண்ணையும் சிறுகச் சிறுகக் கரைத்துக் கல்சியத்தையும் மகனீசியத்தையும் கிணற்றுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. கண்ணாடிக் குவளையில் அந்நீர் பளிங்குபோல் இருக்கும். இரசாயன நூல்கள் அதனை வன்னீர் என்கின்றன. அச்சொல்லைப் பிரித்தெழுதச் சொன்னபோது, வன்மை + நீர் என்பதற்குப் பதிலாக வன்னி + நீர் என்று எழுதினான் ஒரு மாணவன். இலக்கணப்படி புள்ளி இல்லை. அநுபவத்தின்படி முழுப்புள்ளியே தகும்.

அந்நீர் கொதிக்கும்போது காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. அதன் துணையால் கரைந்திருந்த இருகாபனேற்று, எளிதிற் கரையாத கல்சியம் காபனேற்றாக மாறுகிறது. சீனி சூட்டில் கூடுதலாகக் கரையும். இந்தக் காபனேற்றோ சூடு ஏற ஏறக் குறைவாகவே கரையும். நீர் தாங்கக்கூடிய அளவை மீறிய அயன்கள் ஒன்றுகூடத் தொடங்குகின்றன. ஆனால் கூடுவதும் எளிதன்று. சில அயன்கள் மட்டும் சேர்ந்த கூட்டம் பெரும்பாலும் மறுகணமே கலைந்துவிடும். ஒரு குறித்த பருமனைத் தாண்டிய கூட்டமே நிலைத்து வளரும். கேத்தலின் உட்சுவரிலுள்ள கீறல்களும் பழைய படிவும் அதற்குப் பிடிமானம் தருகின்றன. புதுக் கேத்தலில் சுண்ணாம்பு பிடிக்கச் சில நாள் செல்லும், பிடித்தபின் விரைந்து தடிக்கும் என்று எந்த வீட்டுத் தாயும் சொல்வாள். நூல் அதனை வீழ்படிவு என்னும். வீழ்ந்து படிவது, நம் கலைச்சொற்களுள் நல்லதொரு சொல்.

சவர்க்காரத்திலும் இதே கதைதான். நுரை எழுமுன் கல்சியம் அதனைப் பற்றிக்கொள்ள, கரையாத சாம்பல்நிறப் படலம் வாளியில் மிதக்கிறது, அதுவும் வீழ்படிவே. கல்சியம் தீர்ந்த பின்னரே நுரை வரும். பருப்பு வேகவும் கூடுதல் நேரம் வேண்டும். போரில் இடம்பெயர்ந்து, 2009க்குப் பின் முகாம்களிலிருந்து மீண்டு, தறப்பாள் கொட்டிலில் வாழ்வை மறுபடி தொடங்கிய குடும்பத்துக்கு ஒரு சவர்க்காரக் கட்டியும் ஒரு கட்டு விறகும் அற்பச் செலவல்ல. எந்த அரசாங்கமும் விதிக்காத வரி இது. எனினும் இதனைச் செலுத்துபவர் யார், செலுத்தாதவர் யார் என்பது நமக்குத் தெரியும்.

இதனினும் பெரிய அச்சம் ஒன்றுண்டு. 1990களில் வடமத்திய மாகாணத்தில் அடையாளங் காணப்பட்ட, காரணம் அறியப்படாத நீண்டகாலச் சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்து உழவரையும் விட்டுவைக்கவில்லை. கேத்தலில் கல் பிடிப்பதுபோலச் சிறுநீரகத்திலும் பிடிப்பதே இந்நோய் என்று கூறுவோர் உளர். அது சரியன்று. சிறுநீரகக் கல் உண்மையிலேயே ஒரு வீழ்படிவுதான். பெரும்பாலும் கல்சியம் ஒட்சலேற்று. வெயிலில் உழைத்துக் குறைவாக நீர் அருந்துபவரின் சிறுநீர் செறிவடையும்போது அது தோன்றக்கூடும். இந்நோயிலோ சிறுநீரகத்தின் நுண்குழாய்களும் அவற்றைச் சூழ்ந்த இழையமும் ஓசையின்றிச் சிதைகின்றன. நீரின் வன்மை, புளோரைட்டு, விவசாய நஞ்சுகள், பார உலோகங்கள், கடும் வெப்பம் எனப் பலவற்றின்மீதும் ஐயம் எழுந்துள்ளது. ஒற்றைக் காரணம் எதுவும் நிறுவப்படவில்லை.

கேத்தலின் வெண்படிவு இன்னொரு வகையிலும் நம்மை ஏமாற்றுகிறது. தீயதெல்லாம் அடியில் தங்கிவிட்டது, மேல்நீர் நல்லது என்று தோன்றுகிறது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும் என்பது உண்மை. ஆகவே கொதிக்கவைக்கத்தான் வேண்டும். ஆனால் புளோரைட்டு அதனால் நீங்குவதில்லை. நீர் ஆவியாகிக் குறையக் குறைய அதன் செறிவு ஏறவே செய்யும். லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் காட்டும் எல்லை. இலங்கை நியமம் 1 மில்லிகிராம். வெயில் நாட்டவர் குடிக்கும் நீர் அதிகமன்றோ! எல்லை மீறிய நீரைக் குடித்து வளரும் பிள்ளைகளின் பற்களில் கறை விழுகிறது. ஒவ்வொரு கிணற்று நீரையும் அளந்து, அளவைத் தமிழில் எழுதிக் கிணற்றடியிலேயே தொங்கவிட வேண்டும் என்பது என் கோரிக்கை. வன்மையை அளக்கப் பாடசாலை ஆய்வுகூடமே போதும், அங்கே பொருள்கள் இருக்குமாயின்.

புளோரைட்டை வீழ்த்தும் வழி இல்லாமலில்லை. எலும்பு வளைந்த மனிதர்களைக் கொண்ட ஆந்திரத்து நல்கொண்டா மாவட்டத்தின் (அது இன்று தெலுங்கானாவில் இருக்கிறது) பெயரால் வழங்கும் முறையை, நாக்பூரிலுள்ள தேசிய சுற்றாடல் பொறியியல் ஆய்வு நிறுவனம் 1970களில் வகுத்தது. நீரில் சுண்ணாம்பும் படிகாரமும் இட்டுக் கலக்கினால் அலுமினியம் ஐதரொட்சைட்டு பஞ்சுத் துணுக்குகளாய்த் திரளும். வீழும்போது புளோரைட்டையும் இழுத்துக்கொண்டு வீழும். வீட்டில் ஒரு வாளியிலும் செய்யலாம். படிகாரம் மிகுதியாக வேண்டும், அளவு தப்பினால் அலுமினியம் நீரிலேயே தங்கும், எஞ்சும் சேற்றைக் கொட்ட இடமும் வேண்டும் என்பன அதன் குறைகள்.

வன்னியில் இப்போது பரவியிருப்பது சவ்வினூடாக நீரை அழுத்திச் சுத்திகரிக்கும் இயந்திரம். மக்கள் கலன்களுடன் சென்று குடிநீரை விலைக்கு வாங்குகிறார்கள். சவ்வு தடுத்து நிறுத்திய உப்புகள் அனைத்தும் செறிந்த கழிவுநீர் வேறொரு குழாயால் வெளியேறுகிறது. பின்வளவில் விடப்படும் இடங்களில் அது மண்ணுக்குள் இறங்கி, அயலிலுள்ள கிணறுகளை நோக்கிச் செல்கிறது. பார்வைக்கு அதுவும் தெளிந்த நீர்தான்.