இணையின் மறுபாதி

செவ்வாய்ப்பேட்டையின் கொலுசுப் பட்டறைகளில் தரையைக் கூட்டிய குப்பையை எவரும் வீதியில் எறிவதில்லை. அதிலுள்ள வெள்ளித்துகளைப் பிரித்தெடுக்கவென்றே விலை கொடுத்து வாங்குவோர் உண்டு. நம் தங்கை மகனின் கேள்விக்கு விடை தேடியபோது அந்தக் குப்பையே நினைவுக்கு வந்தது.

கடந்த ரமளானில், மஃரிபுக்குப் பின் இளைஞர்களிடம் பேசுகையில், படைப்பு யாவும் இணைகள் எனக் கூறும் யாஸீன் அத்தியாயத்தின் 36ஆம் வசனத்தை எடுத்துக்காட்டி, "இது எதிர்ப்பொருளையே முன்னறிவித்தது, 1932-இல் விஞ்ஞானமும் மெய்ப்பித்துவிட்டது" என்று முழங்கிவிட்டோம். வீடு திரும்புகையில் அவன் கேட்டான்: "மாமா, அப்படியானால் அந்த மறுபாதி எங்கே போயிற்று?"

நாம் வாயடைத்துப் போனோம். பிறகுதான் படித்தோம்.

1932-இல் கார்ல் ஆண்டர்சன் விண்ணிலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்களில் கண்டது, எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரான். பொருளும் எதிர்ப்பொருளும் சந்தித்தால் இரண்டும் அழிந்து ஒளியாகும். ஆதியில் இரண்டும் ஏறத்தாழச் சமமாகவே இருந்தன என்கிறார்கள். நூறு கோடிக்கு ஒன்று என்ற அளவில் பொருள் மிஞ்சியது. அந்த மிச்சமே நாமும் நம் ஊரும். ஏன் மிஞ்சியது என்பது இன்னும் விளங்கவில்லை.

எதிர்ப்பொருள் தொலைவிலும் இல்லை. காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதிப் பிறக்கும் மியூவான்கள் நொடிக்கு ஒன்று வீதம் நம் உள்ளங்கையைக் கடக்கின்றன. அவற்றுள் நேர் மின்னூட்டமுடையவை எதிர்த்துகள்களே. உதகமண்டலத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் கிரேப்ஸ்-3 கூடம், 560 சதுர மீட்டர் பரப்பில் மியூவான்களை எண்ணுகிறது. 2014 டிசம்பர் 1 அன்று மேலே திரண்ட இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததை அவற்றின் எண்ணிக்கை குறைந்ததைக் கொண்டே கணக்கிட்டார்கள்!

ஆயினும் இவை இங்கே காற்றில் பிறந்தவை. ஆதியில் மறைந்த பாதி அல்ல. அதற்கு எதிர்-ஹீலியம் போன்ற கனத்த அணுக்கரு கிடைக்க வேண்டும். அதைத் தேடும் ஏ.எம்.எஸ். கருவி 2011 மே முதல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இயங்குகிறது. சலித்தெடுத்த துகள்கள் 20,000 கோடிக்கும் மேல். ஐயத்துக்குரிய சில தடங்கள் கிடைத்தும், "கண்டோம்" என்று அவர்கள் அறிவிக்கவில்லை, சரிபார்க்கிறார்கள். நாமோ ஒரே மாலையில் அறிவித்துவிட்டோம்.

மறுவாரம் அதே இளைஞர்களிடம், "அன்று கூறியது நம் அவசரம், வசனம் இதைத்தான் குறிக்கிறது என்று சொல்லும் அறிவு நமக்கில்லை" என்றோம். பெரியவர் ஒருவர், "பிள்ளைகளின் ஈமானைக் குலைக்கலாமா?" என்று கடிந்துகொண்டார். பிள்ளைகளோ எழுந்து போகவில்லை. இஷாவுக்குப் பாங்கு சொல்லும்வரை, தங்கள் உள்ளங்கைகளைப் பார்த்தபடி மியூவானைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.