பெற்றோல் மதகு

இம்மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று சங்கத்து நண்பர் கேட்டபோது, தமிழாசிரியன் ஆகையால் இலக்கியம் பற்றி ஏதேனும் எழுதுவேன் என்றே அவர் எண்ணியிருப்பார். ஆனால் என் மனமோ சில காலமாக ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் தாங்கியடியிலேயே நின்றுகொண்டிருக்கின்றது. ஆங்கிருந்த இரண்டு பித்தளை 'ரப்'புகளைக் கழற்றி, வேறிரண்டு பூட்டிய வரலாற்றையே எழுதப் புகுகின்றேன். நண்பர் பொறுத்தருள்வாராக.

பட்டறைக்காரர் 'ரப்' என்பர். சிலர் 'கொக்' என்பர். நான் பத்தாம் வகுப்பு மாணவர்க்கு அதனை 'மதகு' என்று சொல்லிப் பார்த்தேன். குளத்து நீரை வேண்டியபோது வயலுக்கு விட்டு, வேண்டாதபோது தடுப்பது மதகு. தாங்கியிலுள்ள பெற்றோலை வேண்டியபோது காபரேற்றருக்கு விட்டு, வேண்டாதபோது தடுப்பது இதுவன்றோ? மாணவர் சிரித்தனர். மறுநாள் ஒருவன் தன் மாமனாரின் வண்டியில் மதகு ஒழுகுகின்றது என்று வந்து சொன்னான். சொல் பிழைத்துக்கொண்டது போலும்.

வண்டி என் தந்தையாருடையது. பி.எஸ்.ஏ. நிறுவனத்தார் 1945 முதல் 1959 வரை செய்த பி31 வகையைச் சேர்ந்தது, 348 சி.சி. கொள்ளளவுள்ள ஒற்றைச் சிலிண்டர். தபாற்கந்தோரில் எழுதுவினைஞராயிருந்த தந்தையார் அதனை 1974ஆம் ஆண்டிற் பழைய வண்டியாகவே வாங்கினார். இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த காலம் அது. புதிய வண்டியை நினைக்கவும் இயலாது, உதிரிப்பாகங்களும் அரியவை. ஆகவே அக்காலத்தார் எதையும் எறியாது திருத்தித் திருத்தியே ஓடினர். அந்தப் பழக்கம் தந்தையாரின் கைகளில் இன்றும் இருக்கின்றது.

அவ்வண்டியின் தாங்கி, குதிரைமேல் இட்ட சேணம்போல நடுச்சட்டத்தின் இருபுறமும் தொங்குவது. பெற்றோல் நிறைந்திருக்கும்போது இருபுறமும் ஒன்றே. மட்டம் குறைந்து நடுமேட்டுக்குக் கீழே சென்றதும் இரண்டு தனிக்குளங்களாகிவிடும். இடப்புறத்தில் ஒன்றும் வலப்புறத்தில் ஒன்றுமாக இரண்டு ரப்புகள் வைத்ததன் காரணம் இதுவே. ஒன்றைத் திறந்து ஓடுவது. மற்றதைச் சேமிப்புக்காகப் பூட்டி வைப்பது. எந்திரம் இருமத் தொடங்கினால் மற்றதைத் திறந்துகொண்டு வீடு சேரலாம். இரண்டையும் ஒருங்கே திறந்து ஓடுவோர்க்கு முன்னறிவித்தல் கிடையாது; நடுவழியிலே நிற்பர். அப்படி நின்றவர்க்கும் ஒரு வழியுண்டு. வண்டியை ஒரு புறமாக நன்றாகச் சரித்துப் பிடித்தால், எந்த ரப்புக்கும் எட்டாது அடியிற் கிடக்கும் மிச்சம் மேட்டைக் கடந்து மறுபுறம் விழும். பள்ளிக்கூட வாசலில் வண்டியைச் சரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பவரைக் கண்டோர், அவர் ஏதோ தேடுகின்றார் என்றே எண்ணுவர்.

எங்கள் ரப்புகள் இழுத்தால் திறப்பவை, தள்ளினால் மூடுபவை. உள்ளே ஒரு சிறு தண்டும் அதனைச் சூழ்ந்து ஒரு தக்கையும் உண்டு. தக்கை துளையை மறைக்கும்போது பெற்றோல் நின்றுவிடும். பித்தளை நூறாண்டு இருக்கும், உயிர்நிலை தக்கையே. ஈரத்தில் ஊறியிருக்கும்வரை அது பருத்து இறுகி நிற்கும். தாங்கி வற்றினால் அதுவும் வற்றிச் சுருங்கும். பின் பூட்டினாலும் பூட்டாததே. சுருங்கிய தக்கையைக் கழற்றிக் கொதிநீரில் இட்டால் மீண்டும் பருக்கும் என்பது பழைய சவாரிக்காரர் எல்லாரும் அறிந்த வைத்தியம்.

வண்டியை நிறுத்தியதும் ரப்பைப் பூட்ட வேண்டும் என்பது தந்தையாரின் மாறாத விதி. "தம்பி, பூட்டினியோ?" என்ற குரல் கேளாது நான் விறாந்தைப் படியில் ஏறிய நாள் இல்லை. இந்நாளைய வண்டிகள் பலவற்றில் இது தேவைப்படுவதில்லை. ஆகவே இளைஞர் இதனை வீண் சிரமம் என்பர். பழைய காபரேற்றரிலோ, மிதவை எழும்போது பெற்றோலை அடைப்பது ஒரு சிற்றூசி மட்டுமே. அது தேய்ந்திருந்தாலும், ஒரு மணல் அதன் வாயிற் சிக்கினாலும் பெற்றோல் வழிந்து நிலத்திற் சொட்டும். சில வண்டிகளிற் சிலிண்டருட் புகுந்து எந்திர எண்ணெயையும் கெடுக்கும்.

1990 ஜூனிற் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றது. அக்காலத்தில் நம் கல்லூரியிற் படித்தோர்க்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகளின் வெண்புகையும் அதன் நாற்றமும் கல்லூரி வாசலில் எந்நேரமும் நின்றன. பின்வந்த தம்பிமார்க்காகச் சில சொல்வேன். பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய்க்குச் சூடு வேண்டும். ஆகவே குளிர்ந்த எந்திரத்தைச் சில துளி பெற்றோலினால் எழுப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். வீட்டை அணுகும்போது, ஒழுங்கை முடக்கிலேயே மீண்டும் பெற்றோலுக்கு மாற்றிவிட வேண்டும். அப்போதுதான் காபரேற்றரில் நிற்பது பெற்றோலாயிருந்து, மறுநாள் எந்திரம் எழும். இது நாங்கள் புதிதாகக் கண்டதன்று. இங்கிலாந்திலே பெர்குசன் உழவு இயந்திரத்தின் ஒரு வகை, 1949 முதல் இரண்டு அறையுள்ள தாங்கியோடு இம்முறையிலேயே ஓடியது. அங்கே அது சிக்கனத்துக்காக. இங்கே வேறு வழியின்மையால்.

முதலில் தந்தையார் தாங்கியின் இடப்புறத்திற் பெற்றோலும் வலப்புறத்தில் மண்ணெண்ணெயுமாக, இரண்டையும் மேட்டுக்குக் கீழே நிறுத்தி ஓடிப் பார்த்தார். எங்கள் தெருக்களின் பள்ளங்கள் அவ்வேற்பாட்டை இரண்டு நாளிற் கலக்கிவிட்டன. பின்னர் அவர் இடப்புற ரப்பைக் கழற்றி, ஒரு வெறும் பால்மா ரின்னின் அடியிற் பற்றாசு வைத்து ஒட்டினார். அதனைக் கைபிடியின் கீழே கட்டி, சேலைன் குழாயால் காபரேற்றரோடு இணைத்தார். தாங்கியில் ஏற்பட்ட துளைக்கு, தண்ணீர்க்குழாய் வேலைக்காரரிடமிருந்து வாங்கிய கால் அங்குல அடைப்பு அளவாகப் பொருந்தியது. அது ஏன் பொருந்தியது என்பதைப் பின்னர்ச் சொல்வேன்.

அந்த ரின்னில் ஒரு சிறுபோத்தற் பெற்றோல் எந்நாளும் இருக்கும். மண்ணெண்ணெய்க்கோ இரண்டு வாய்கள்: ஒன்று வண்டி, மற்றது நான் படித்த ஜாம்போத்தல் விளக்கு. வலப்புற ரப்பு இரவு முழுதும் சொட்டினால் விளக்குக்கு எண்ணெய் இராது. ஆகையால் மாலையில் ஒரு சிரட்டையை ரப்பின்கீழ் வைத்து, காலையில் அதனை விரலால் தடவிப் பார்ப்பது என் கடமையாயிற்று. 1992இல் அதன் தக்கை தேய்ந்தபோது, தந்தையார் மருந்துப் போத்தல் மூடியின் தக்கையைச் சவர அலகால் அரிந்து, நடுவே துளையிட்டு, அரத்தாளிற் சுற்றிச் சுற்றித் தேய்த்து ஒன்று செய்தார். மூன்று மாலைகள் அதற்குச் சென்றன. 1993 மார்கழியில் ஓரிரவு தங்கைக்குத் தொய்வு முற்றியது. மூச்சு விசிலாகக் கேட்டது. தாயார் அவளைச் சேலையாற் போர்த்துப் பின்னிருக்கையில் அணைத்துக்கொள்ள, தந்தையார் ரின்னின் ரப்பை இழுத்து உதைத்தார். இரண்டாம் உதையில் எந்திரம் எழுந்தது. ரின் வற்றியிருந்தால் அவ்விரவில் வேறு வாகனம் எங்கள் ஒழுங்கையில் இல்லை. தங்கை இன்று இரண்டு பிள்ளைகளின் தாய்.

1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்களோடு நாங்களும் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தோம். அந்தச் சனத்திரளில் வண்டி ஓட இடமேது? இரண்டு ரப்புகளையும் பூட்டி, மூட்டைகளை ஏற்றி, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தள்ளிக்கொண்டே சென்றோம். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபின் பெற்றோல் சிறிது சிறிதாகக் கிடைக்கத் தொடங்கியது. ரின் கழன்றது, ரப்பு பழையபடி தாங்கிக்கு ஏறியது. பின்னர்க் கோப்பாய் ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி பெற்ற நாட்களிலும் சில வேளை அவ்வண்டியிலேயே சென்று வந்தேன்.

இனி அண்மைக் கதை. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர் என்று பங்கீடு வந்தபோது, கிடைத்ததெல்லாம் நான் பள்ளிக்கூடம் செல்லும் சிறுவண்டிக்கே சென்றது. பி.எஸ்.ஏ. மாதக்கணக்கில் வெறுந்தாங்கியோடு விறாந்தையில் நின்றது. முப்பதாண்டு ஊறியிருந்த தக்கைகள் வற்றின. மறு ஆண்டு தாங்கியை நிரப்பியபோது இரு ரப்புகளும் கசிந்தன. கொதிநீர் வைத்தியம் செய்தோம். பத்து நாள் நின்றது. பின்னும் கசிந்தது.

2023 கார்த்திகை விளக்கீட்டன்று மாலை பிள்ளைகள் படலையிலும் கிணற்றடியிலும் சிட்டி விளக்குகளை வைத்துக்கொண்டு விறாந்தையை நோக்கி வந்தனர். வண்டியடியிலிருந்து எனக்குப் பெற்றோல் மணந்தது. பெற்றோலின் ஆவி காற்றினும் கனமானது. மேலே எழாது நிலத்தோடு ஊர்ந்து சென்று நெருப்பைத் தேடும். பிள்ளைகளை முற்றத்தில் நிற்பாட்டிவிட்டு வண்டியை வேலியோரம் தள்ளினேன். அன்றிரவு தந்தையாரிடம், "அப்பா, இந்த ரப்புகளை மாத்த வேணும்" என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. "தக்கையை நான் இன்னொருக்கா வெட்டித் தாறன்" என்றார் பின்னர். எண்பதை அண்மித்தவர்; கை நடுங்கும். அலகைப் பிடித்த அந்தக் கையை எண்ணியே நான் மறுமொழி கூறாதிருந்தேன்.

நாள்தோறும் ஓடும் வண்டிக்குத் தக்கை குறைவானதன்று. மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு அது ஏற்றதன்று. இவ்வளவே என் வழக்கு. அவரும் தபாற்கந்தோரிற் கணக்குப் பார்த்தவராதலால் மூன்றாம் நாள் உடன்பட்டார்.

உள்ளூர்க் கடையொன்றில் அளவுகோலை வைத்துப் பார்த்து அரை அங்குலம் என்று ஒன்றைத் தந்தனர். அது பொருந்தாது என்பதைக் கடையிலேயே சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். ஆங்கில வண்டிகள் பலவற்றின் ரப்புகள் கால் அங்குலக் குழாய்ப்புரி கொண்டவை. கால் அங்குலம் என்பது பழைய குழாயின் உட்துளைக்கு இட்ட பெயர். புரியின் வெளிவிட்டமோ 13 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். அங்குலத்துக்குப் 19 புரிகள். தண்ணீர்க்குழாய்க்கும் அதுவே அளவு. அன்று அந்த அடைப்பு பொருந்தியதும் அதனால். இலண்டனிலிருக்கும் மைத்துனருக்கு இவ்விவரத்தை எழுதியதும், நெம்பு பிடியுள்ள புதிய ரப்புகள் இரண்டை அனுப்பினார். அவற்றின் உள்ளே தக்கையில்லை. பெற்றோலைத் தாங்கும் செயற்கை இறப்பர்.

தாங்கியை வெட்டவெளியில் வடித்தோம். பழையவை சிரமமின்றிக் கழன்றன. அடியிலே துருவும் ஒரு தேக்கரண்டித் தண்ணீரும் கிடந்தன. தண்ணீர் பெற்றோலினும் கனமாதலால் சேமிப்புப் பக்கத்திலேயே தங்கும். சேமிப்பைத் தொடாது ஆண்டுக்கணக்கில் வைத்திருப்போர் இதனை நினைவிற் கொள்க. பூட்டும்போது, புரியில் வெள்ளை நாடா சுற்றினால் நல்லது என்று பட்டறைத் தம்பி சொன்னார். நான் வேண்டாமென்றேன். இவ்வகைப் புரி தானே அடைப்பதன்று; அடைப்பது அதன் தோளிலே இருக்கும் வாசர். நாடாவின் பிசிறு காபரேற்றரின் நுண்துளையை அடைப்பதே மிச்சமாகும். நார்வாசர் இட்டால், ரப்பு இறுகும்போது அதன் வாய் வேண்டாத திசையை நோக்கி நின்றுவிடுவதுண்டு. உலோக வளையத்தின் உள்ளே இறப்பர் ஒட்டிய வாசர் அவ்வளவு இறுக்கம் வேண்டாதது, அதனையே இட்டோம். நீண்ட உட்குழாயுள்ளது ஓடுவதற்கு, குறுகியது சேமிப்புக்கு. பெற்றோற் குழாய்களையும் புதிதாக மாற்றினோம். அரை லீற்றர் மட்டும் ஊற்றி, கீழே பத்திரிகைத் தாளை விரித்து ஓரிரவு விட்டோம். தாளில் ஒரு புள்ளியுமில்லை.

காலையில் தந்தையார் வந்து குனிந்து, இரு ரப்புகளின் அடியையும் விரலால் தடவி முகர்ந்தார். பின்னர்ப் பழைய வழக்கப்படி இழுக்க முயன்றார். அது வரவில்லை. "இது எந்தப் பக்கம் திருப்பினால் பூட்டு?" என்று கேட்டார். பிடி குழாயோடு நேரே நின்றால் திறப்பு, குறுக்கே நின்றாற் பூட்டு என்றேன். அவருக்கு அது பிடித்ததாகத் தெரியவில்லை. தாங்கியின் அடியோரத்தில் வெள்ளை மையால் எழுதி வைக்கச் சொன்னார். பூட்டுதல் என்ற சொல்லுக்கு நம்மூரில் மூடுதல் என்றும் பொருத்துதல் என்றும் இருபொருள் உண்டாகையால், 'மூடு' என்று எழுதட்டுமா என்று கேட்டேன். 'பூட்டு' என்றே எழுதச் சொன்னார். எழுதினேன். பற்றாசுத் தழும்புள்ள பழைய இடப்புற ரப்பை அவர் கழுவித் துடைத்துத் தம் சவரப் பெட்டியுள் வைத்துக்கொண்டார். மற்றதைத் தங்கை வாங்கிச் சென்றாள்.