ஆய்வாளர் வரும் நாள்

பள்ளி ஆய்வாளர் வரும் செய்தி முதல்நாள் மாலையே ஊருக்குத் தெரிந்துவிடும். வகுப்பறைச் சுவரில் புதுச் சுண்ணாம்பு ஏறும். வாயிலில் மாவிலைத் தோரணம் ஆடும். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் முன்வரிசைக்கு வருவர். எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளையிடம், "நாளைக்கு நீ வரவேண்டாம்" என்று ஆசிரியர் தணிந்த குரலில் சொல்வார். அவர் இரக்கமற்றவர் அல்லர். மறுநாளே அப்பிள்ளையை அருகில் அமர்த்தி, அகரத்திலிருந்து பொறுமையாகத் தொடங்கக்கூடியவர்தாம். ஆயினும் அந்த ஒருநாள் அவருடைய உழைப்பு பிள்ளைக்காக அன்றி, ஆய்வாளரின் குறிப்பேட்டுக்காகவே செலவாகிவிடும்.

இந்த அச்சத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. இங்கிலாந்தில் 1862ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட விதித்தொகுப்பு, தொடக்கப் பள்ளிகளுக்கான அரசு மானியத்தின் பெரும்பகுதியைத் தேர்வு முடிவோடு பிணைத்தது. ஆய்வாளர் ஆண்டுக்கொரு முறை வந்து பிள்ளைகளைப் படிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் சோதிப்பார். பிள்ளை ஒன்றில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்சு குறையும். ஆசிரியரின் ஊதியமும் பெரும்பாலும் அந்த மானியத்தைச் சார்ந்தே இருந்தது. ஆகவே, பாடநூலைப் பாராமலே ஒப்பிக்கும் அளவுக்குப் பிள்ளைகள் பழக்கப்பட்டனர். கவிஞரும் பள்ளி ஆய்வாளருமான மாத்யூ அர்னால்டு இம்முறையைத் தொடக்கத்திலேயே கண்டித்தார். 1875இல் ஆய்வாளராகச் சேர்ந்து தலைமை ஆய்வாளராக உயர்ந்த எட்மண்டு ஹோம்ஸ், ஓய்வு பெற்றபின் 1911இல் வெளியிட்ட நூலில், அது ஆசிரியரையும் மாணவரையும் எந்திரமாக்கியது எனச் சாடினார். தாமே பல்லாண்டு நடைமுறைப்படுத்திய ஒன்றைக் குறைகூற மனத்துணிவு வேண்டும். தேர்வு முடிவுக்கேற்ப மானியம் வழங்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்திலும் இருந்தது. அம்முறை மறைந்த பின்னும், ஆய்வு என்றால் குறை காண்பதே என்னும் எண்ணம் மறையவில்லை.

அவ்வெண்ணத்தை அசைக்க முயன்றவர்களுள் நெ. து. சுந்தரவடிவேலு குறிப்பிடத்தக்கவர். மாவட்டக் கல்வி அலுவலராகப் பள்ளிகளைப் பார்வையிட்டுப் பழகிய அவர், காமராசர் முதலமைச்சரான 1954ஆம் ஆண்டிலேயே சென்னை மாநிலப் பொதுக்கல்வி இயக்குநர் பொறுப்பை ஏற்றார். உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு வருங்கால வைப்புநிதி, காப்பீடு, ஓய்வூதியம் ஆகிய மூன்றையும் தரும் திட்டம் 1955இல் வந்தது. முதுமையைப் பற்றிய கவலை குறைந்தால்தானே மனம் வகுப்பறையில் நிற்கும்! 1958இல் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு தொடங்கியது. ஆய்வாளரும் ஆசிரியரும் ஊராரும் சேர்ந்து பள்ளியின் தேவைகளைப் பட்டியலிட்டனர். கரும்பலகை, இருக்கை, கடிகாரம், குடிநீர்ப் பானை, கூடுதலாக ஓர் அறை என அப்பட்டியல் நீளும். ஊரார் இயன்றதைக் கொடுத்தனர். பள்ளியில் இல்லாதவற்றை எழுதிச்செல்ல வந்த அதிகாரியே, அவற்றைக் கேட்டுப்பெற ஆசிரியரோடு ஊராரிடம் போனார். நன்கொடைக்காக வீடுவீடாக நடக்கும் புதிய சுமையும் ஆசிரியர்மேல் ஏறியது என்பதையும் மறைப்பதற்கில்லை. எனினும், அச்சத்தால் நடப்பதும் தன் பள்ளிக்காக நடப்பதும் ஒன்றாகா.

ஆய்வாளர் ஆண்டில் சில நாள்களே வருவார். தலைமையாசிரியரோ நாள்தோறும் இருப்பவர். வருகைப் பதிவேட்டில் ஐந்து மணித்துளித் தாமதத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டதோடு தம் மேற்பார்வை முடிந்தது என ஒருவர் எண்ணலாம். இன்னொருவர், புதிதாகச் சேர்ந்த ஆசிரியரின் வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்பார். கண்ட குறையைப் பிள்ளைகள் முன் சொல்லாமல் மாலையில் தனியே சொல்வார். மறுநாள் அடுத்த பாடத்தைத் தாமே நடத்தி, அந்த இளையவரைக் கடைசி வரிசையில் அமரச் செய்வார். தம் பாடத்திலும் குறை இருந்தால் கூறும்படி கேட்பார். அத்தகைய பள்ளியில், எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளை ஆய்வு நாளன்றும் வகுப்பில் இருப்பான். அவனுக்கு இன்னும் என்ன செய்யலாம் என்று ஆய்வாளரிடமே அவ்வாசிரியர் கேட்பார்.