கரிசல் காட்டில் ஒரு படப்புதிர்

ராத்திரி ஒன்பதரை மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்து விழும். கன்னங்கரேலென்று ஏதோ ஒன்று. குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள். கீழே ஒரே வரி: 'என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்.'

'யானைத் தோல்' என்பார் துபாயில் இருப்பவர். 'பொண்டாட்டி ஊருக்குப் போன அன்னிக்கு நான் சுட்ட தோசை' என்பார் சென்னையில் தனியாக மாட்டிக்கொண்டவர். இன்னொருவர் அதிபுத்திசாலித்தனமாக, 'சேட்டிலைட் படம்தானே?' என்று கேட்பார். கடைசியாக ஒருவர் நிதானமாக வந்து, 'நம்ம காடுதாம்லே. சித்திரை மாசம்' என்று எழுதியதும் ஆட்டம் முடியும். இருபத்தைந்து பேர் கைதட்டும் பொம்மைகளை அனுப்பி முடிக்கப் பத்து நிமிடம் ஆகும்.

கோவில்பட்டியிலும் சுற்றுப்பட்டிகளிலும் படித்துவிட்டு வேலைக்காக உலகம் முழுக்கச் சிதறியவர்களின் பள்ளித் தோழர் குழுக்களில் இந்த விளையாட்டுக்கு ரொம்ப மவுசு. 2020 ஊரடங்கில் வீட்டுக்குள் அடைபட்ட நாட்களில் உலகமே இப்படித்தான் பொழுதைப் போக்கியது. இளசுகள் ஸ்கிரிபிளில் படம் வரைந்து விடை கேட்டார்கள். நடுத்தர வயதுக்காரர்கள், விஜய் டி.வி.யில் ஜெகன் நடத்திய 'கனெக்‌ஷன்' பாணியில் இரண்டு மூன்று படங்களை ஒட்டிச் சினிமாப் பெயர் கேட்டார்கள். ஊரடங்கு போய்விட்டது; விளையாட்டு போகவில்லை. கரிசல்காரர்கள் அதில் செய்த ஒரே மாற்றம், சினிமாவுக்குப் பதிலாக ஊரையே புதிராக்கிக்கொண்டதுதான். லீவுக்கு ஊருக்கு வருகிறவர் யாரோ, அவர்தான் அந்த வாரத்துக் கேள்விக்காரர்.

இந்த ஊரைப் புதிராக்குவது சுலபம். வெளியூர்க்காரர் கண்ணுக்கு இங்கே 'பார்க்க' ஒன்றுமே இல்லை. மதுரையிலிருந்து நான்கு வழிச் சாலையில் திருநெல்வேலிக்குப் போகிறவர்கள் சாத்தூர் தாண்டியதும் தூங்கிவிடுவார்கள். இரு பக்கமும் சீமைக்கருவேல மரங்கள், நடுவே கறுப்பு மண், அவ்வளவுதானே என்று நினைப்பு. ஆனால் அந்த மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. ஈரம் பட்டால் ஊதும். காய்ந்தால் சுருங்கி, கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். மழை நாளில் காட்டுக்குள் பத்தடி நடந்தால், ஆளுக்குப் பதிலாகச் செருப்பைத்தான் சுமக்க வேண்டும், அப்படி அப்பிக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்துவிட்டால், உறிஞ்சி வைத்த ஈரத்தைக் கொண்டே பருத்தியையும் கம்பையும் உளுந்தையும் வளர்த்து எடுத்துவிடும். இங்கே 'காடு' என்றால் மரங்கள் அடர்ந்த வனம் இல்லை. மானாவாரி நிலம்தான் காடு. 'அப்பா காட்டுக்குப் போயிருக்காரு' என்று இந்த ஊர்ப் பையன் சொன்னதைக் கேட்டு, வெளியூர் ஹாஸ்டல் நண்பர்கள் அவர் வனத்துறை அதிகாரி என்று நினைத்துக்கொள்வது இன்றும் நடக்கிறது.

2013-ல் ஸ்வீடனில் பிறந்த 'ஜியோகெஸர்' என்ற இணைய விளையாட்டில், உலகின் ஏதோ ஒரு சாலையின் படத்தைக் காட்டி இது எங்கே என்று கேட்கிறார்கள். அதில் பழுத்தவர்கள் கட்டடத்தைப் பார்ப்பதைவிட மண்ணின் நிறம், மின்கம்பத்தின் வடிவம், சாலைக் கோடு ஆகியவற்றைத்தான் பார்ப்பார்களாம். கரிசல்காரர்களுக்கு இதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. பஸ் ஜன்னலில் செம்மண் கறுக்கத் தொடங்கும்போதே, ஊர் வந்துவிட்டது என்று பையைக் கீழே இறக்கி வைக்கிற ஆட்கள் அவர்கள்.

ரயிலில் வருகிறவர்களுக்குப் புதிர் வேறு மாதிரி. சாத்தூர் என்றால் காராச்சேவு, கோவில்பட்டி என்றால் கடலை மிட்டாய், கடம்பூர் என்றால் போளி. பண்டத்தின் மூலையை மட்டும் படமெடுத்துப் போட்டு ஸ்டேஷன் பெயர் கேட்பது குழுவில் ஆரம்பப் பாடம். கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டதால் அதைப் போட்டால் விடை சொல்ல ஒரு நொடி போதும். கொஞ்சம் கஷ்டமான கேள்வி வேண்டுமென்றால், கோவில்பட்டிக்கும் கடம்பூருக்கும் நடுவில் ஒரு சின்ன ஸ்டேஷனைப் போடுவார்கள். சுற்றிலும் வெட்டவெளி. சொந்த ஊர்க்காரர்களே திணறுவார்கள். கதை படிக்கிறவர்கள் மட்டும் டக்கென்று பிடித்துவிடுவார்கள்: குமாரபுரம். கு.அழகிரிசாமியின் 'குமாரபுரம் ஸ்டேஷன்' கதை நடக்கும் இடம் அதுதான். அவர் பிறந்த இடைசெவல், பக்கத்தில்தான் இருக்கிறது. அதே ஊரில், அதே 1923-ல் பிறந்த இன்னொருவர் கி.ராஜநாராயணன். ஒரே கிராமம், ஒரே வருடம், இரண்டு பேருக்கும் சாகித்ய அகாடமி விருது. இந்தக் கணக்கு எந்தப் பெரிய நகரத்துக்கு வாய்த்திருக்கிறது? கி.ரா.வுக்குக் கோவில்பட்டியில் 2022-ல் நினைவரங்கம் திறந்திருக்கிறார்கள். வருகிறவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

ஆனால் படப்புதிருக்கென்றே செய்து வைத்த இடம் என்றால் கழுகுமலைதான். கோவில்பட்டியிலிருந்து மேற்கே இருபது கிலோமீட்டர் சொச்சம். அடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி கோயில். அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து பிறந்த மண். மலை மேல், பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து பாதியில் விட்டுப்போன வெட்டுவான் கோயில். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை என்கிறார்கள் ஆய்வாளர்கள். விமானத்தில் ஒரு சிற்பம், சாவகாசமாக உட்கார்ந்து மிருதங்கம் வாசிக்கிறது. இதைப் படமெடுத்துப் போட்டால் குழுவில் பாதிப் பேர் 'நந்தி' என்பார்கள். கயிலாயத்தில் மத்தளம் அவருடையதுதானே என்று வாதமும் வரும். விடை, தட்சிணாமூர்த்தி. பேசாமல் பாடம் சொல்கிற சாமியின் கையில் மிருதங்கத்தைக் கொடுத்திருக்கிறான் அந்தச் சிற்பி. விடை தெரிந்த பிறகும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

இன்னும் கொஞ்சம் நடந்தால் சமணச் சிற்பங்கள். பாறை முழுக்க வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். தலைக்கு மேல் படமெடுத்த பாம்பு இருந்தால் பார்சுவநாதர். காலில் கொடி சுற்றியிருந்தால் பாகுபலி. சிங்கமும் பக்கத்தில் குழந்தைகளுமாக ஒரு பெண் நின்றால் இயக்கி அம்பிகா. இந்த மூன்றையும் தெரிந்துகொண்டு போனால் பிள்ளைகளுக்கு அங்கேயே ஒரு மணி நேர விளையாட்டு ரெடி. மற்ற உருவங்கள் எல்லாம் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். அதே சம்மணம், அதே முக்குடை. வித்தியாசம் கண்டுபிடிக்கவே முடியாது. வேடிக்கை என்னவென்றால், பல உருவங்களின் கீழே விவரம் எழுதியே வைத்திருக்கிறார்கள். இன்ன ஊர்க்காரர், இன்னார் நினைவாகச் செய்வித்தது என்று. குரத்தியர் எனப்பட்ட சமணப் பெண் குருமார்களின் பெயர்களும் அதில் உண்டு. ஆயிரம் வருடத்துக்கு முன்பு இந்த வறண்ட பூமியில் பெண்கள் ஆசிரியர்களாக இருந்து, சீடர்களும் வைத்திருந்தார்கள் என்பதற்குச் சாட்சி அந்தப் பாறை. எல்லாம் வட்டெழுத்து. விடை கண்ணுக்கு நேரே இருக்கிறது, வாசிக்கத்தான் ஆளில்லை. மாலை நாலரை மணிக்கு மேல் போவது நல்லது. வெயில் காலத்தில் பாறை கால் வைக்க விடாது.

மறுபடி கோவில்பட்டிக்கு வந்தால், சாமி படங்களில் ஒரு புதிர் இருக்கிறது. பழைய காலண்டரில் முகத்தை மறைத்துவிட்டுக் கையை மட்டும் காட்டி 'எந்தச் சாமி?' என்று கேட்டால் பாட்டிமார்கள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். கையை மறைத்து முகத்தை மட்டும் காட்டினால் அவர்களும் தடுமாறுவார்கள். லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் மீனாட்சிக்கும் அதே குளிர்ந்த முகம், அதே பெரிய கண்கள். அந்த முகத்தைத் தமிழ்நாட்டுக்குக் கொடுத்தவர்களில் முதல் வரிசைக்காரர் கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டைய ராஜு. 1898-ல் பிறந்து, சென்னையில் ஓவியம் படித்து, நாடகக் கம்பெனியில் சீன் திரை எழுதப் போனவர். 1940-களில் இந்த ஊரிலேயே தங்கிவிட்டார். 1976-ல் இறக்கும் வரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சுப்பையா, ராமலிங்கம், அருணாசலம் என்று சீடர்கள் சேர்ந்தார்கள். இவர்கள் வரைய, சிவகாசி அச்சடிக்க, மளிகைக்கடை, ஜவுளிக்கடை பெயர்களோடு அந்தப் படங்கள் வீட்டுக்கு வீடு சுவரேறின. பூஜை அறையில் கைகூப்பி நிற்கிற எத்தனை பேருக்கு அந்த முகம் வந்த ஊர் தெரியும்? கோவில்பட்டியிலேயே இளம்பிள்ளைகளைக் கேட்டால் ஹாக்கி தெரியும், கடலை மிட்டாய் தெரியும், இவரைத் தெரியாது. இந்த ஊர் அவருக்கு இன்னும் கொஞ்சம் செய்யலாம்.

அடுத்தது தீப்பெட்டி. ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்து, 1923-ல் சிவகாசியில் தொடங்கியது, பிறகு கோவில்பட்டி, சாத்தூர், கழுகுமலை, எட்டயபுரம் என்று பரவியது. மழை பொய்த்துப் போகிற பூமி. அதனால் கூலிக்கு ஆள் உண்டு. காய வைக்க வெயிலும் உண்டு. விவசாயத்துக்குச் சாபமானதெல்லாம் தீப்பெட்டிக்கு வரமாகிவிட்டது. இங்கே யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. 'தீப்பெட்டி ஆபீஸ்'தான்.

வடநாடு வரைக்கும் போகிற சரக்கு என்பதால் எழுத்தை நம்ப முடியாது. படிக்கத் தெரியாதவரும் கடையில் 'அந்தச் சிறுத்தைப் பெட்டி குடு' என்று கேட்க வேண்டும். அதனால் படம்தான் பெயர். பூ, கிளி, கப்பல், சாவி, யானை என்று கண்ணில் பட்டதெல்லாம் லேபிளானது. ஒரு படம் நன்றாக ஓடினால் அடுத்த மாதமே அதன் தம்பி போல ஒன்று வரும். யானை இந்தப் பக்கம் பார்த்தால் அது அந்தப் பக்கம் பார்க்கும். பத்திரிகைகளில் 'ஆறு வித்தியாசங்கள்' பார்த்துப் பழகிய கண்களுக்கு இது நல்ல தீனி. பையன்கள் தெருத் தெருவாகப் பொறுக்கிச் சேர்த்து, வட்டத்துக்குள் வைத்துக் கல்லால் அடித்து ஜெயிப்பார்கள். உள்ளங்கைக்குள் மறைத்து ஓரத்தை மட்டும் காட்டி 'என்ன படம்?' என்று பந்தயம் கட்டுவார்கள். இன்று செல்போனில் நடப்பது அந்த விளையாட்டுதான். நடுவே நாற்பது வருடம் ஓடிவிட்டது.

அந்த நாற்பது வருடத்தில் தொழிலும் மெலிந்தது. மெஷின் வந்தது, கையால் செய்கிற சின்ன ஆபீஸ்கள் பல மூடின. பதினான்கு வருடம் ஒரு ரூபாயிலேயே நின்ற தீப்பெட்டி, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாயானது. சீன லைட்டர்கள் வந்து குவிய, கோவில்பட்டி உற்பத்தியாளர்கள் போராடி, 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர்களின் இறக்குமதிக்கு 2023-ல் மத்திய அரசு தடை போட்டது.

ஒருமுறை இப்படி ஒரு குழுவில், மூடிக் கிடந்த ஆபீஸின் தாழ்வாரத்திலிருந்து ஒரு படம் வந்தது. தூசி படிந்த மரச்சட்டங்கள், அடுக்கடுக்காக. 'பழைய ஜன்னல்' என்றார் ஒருவர். 'தறி' என்றார் இன்னொருவர். 'அபாகஸ்' என்றும் ஒரு பதில் வந்தது. எப்போதும் படங்களுக்குக் கைதட்டிவிட்டுப் போகிற, ஒருநாளும் விடை சொல்லாத ஒரு பெண்மணி அன்றைக்கு எழுதினார்: 'கட்டை. குச்சி அடுக்குற கட்டை. ஸ்கூல் விட்டு வந்து தினமும் அடுக்குவேன். நீங்க லேபிள் வெச்சு விளையாடுவீங்கல்ல, அதை ஒட்டுனது எங்க அம்மா.'

அந்தக் காலத்தில் விடியுமுன்னே கிராமங்களுக்கு வண்டி வந்து பிள்ளைகளை அள்ளிப் போகும். 1990-ல் சலம் பென்னூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் அதைத்தான் காட்டியது. சட்டம், கெடுபிடி, சத்துணவு, மெஷின் எல்லாமாகச் சேர்ந்து பிள்ளைகளைப் பள்ளிக்குத் திருப்பின. அப்படித் திரும்பியவர்களில் ஒருவர் தங்கள் வகுப்பிலேயே இருந்தார் என்பது, ஒரே பெஞ்சு வரிசையில் ஐந்து வருடம் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

யாரும் கைதட்டும் பொம்மை போடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து துபாய்க்காரர், 'ஒரு நாளைக்கு எத்தனை கட்டை அடுக்குவீங்க?' என்று கேட்டார். அவர் எண்ணிக்கை சொன்னார், கூலி சொன்னார், கந்தக வாடையோடு சாப்பிட்டது சொன்னார். வரிசை கோணினால் குச்சிகள் மருந்தில் சரியாக முங்காது என்பதால், கட்டையைத் தடவிப் பார்த்தே கோணலைக் கண்டுபிடிக்கும் வித்தையையும் சொன்னார். பதினொன்றரை வரை கேள்விகள் வந்துகொண்டே இருந்தன.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு அவரே ஒரு படம் போட்டார். ஒரு பக்கம் பருத்திச் செடி, இன்னொரு பக்கம் வாளோடு ஒரு வீரன். 'சினிமாப் பேரு சொல்லுங்க.'

ஏழு பேர் ஒரே நேரத்தில் விடை அனுப்பினார்கள்.